ஏழாவது சொட்டு

எங்கள் தெருவுக்குத் தார் போடுகிறார்கள். முனையில் பீப்பாய் கொதிக்கிறது. புகை கொடியாய்ப் பின்னி மாடி ஜன்னலைத் தேடி ஏறி வருகிறது. எதிர்வீட்டுக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறார். நான் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். முழங்கை மடிப்பு தானாக அரிக்கத் தொடங்குகிறது. என் மூக்கிலிருந்து முழங்கைக்கு, நடுவில் எங்கும் நிற்காத ஒரு பேருந்து ஓடுகிறது. தார் என்றால் ஊருக்குச் சாலை. எனக்கு அது என் மகளின் ஒன்பது வயது.

அப்போது நாங்கள் பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. என் மனைவி சிறுசேரியில் மென்பொருள் எழுதினாள். காலை இருட்டிலேயே கம்பெனி பஸ் வந்து அவளை அள்ளிக்கொண்டு போகும். எனக்கு வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிற வேலை. பள்ளிக்கூடக் கைடு போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் வரும். உலகத்தின் முக்கால்வாசித் துன்பம் எழுத்து இடம் மாறி விழுவதால் வருகிறது என்று நான் நம்பிய காலம் அது. காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். குளிக்கும்போதுதான் எடுப்பேன், சில நாள் அப்போதும் இல்லை.

எனக்கும் மகளுக்கும் ஒரே வியாதி. டாக்டர் வாயில் எக்சிமா, தெரு வாயில் கரப்பான். எனக்கு அது பழைய குடித்தனக்காரன் மாதிரி. இரண்டு முழங்கை மடிப்பு, பின்கழுத்தில் ஒரு கை அகலம், அவ்வளவுதான். எப்போதாவது கதவைத் தட்டும், சொறிந்துவிட்டால் போய்விடும். அவளுக்கு அப்படி இல்லை. மணிக்கட்டு, முழங்காலின் பின்புறம், கழுத்து, இமைகூட. மே மாத வியர்வையில் எரியும், மார்கழிப் பனியில் வெடிக்கும். வெள்ளைச் சீருடையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளோடு வருவாள். பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மா வந்து, "இது ஒட்டுமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போன மறுநாள் அந்த பெஞ்சில் என் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். "கால் நீட்ட நல்லா இடம் இருக்குப்பா" என்றாள். நான் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் இல்லாத ஒரு பிழையைத் தேடிக் குனிந்துகொண்டேன்.

மாலையில் மருந்து. தடித்துப்போன இடங்களுக்கு டாக்டர் கொடுத்திருந்தது ஒரு தார்க் களிம்பு, உண்மையிலேயே தார் கலந்தது, உண்மையிலேயே சாலை மாதிரி மணப்பது. மகள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கட்டளையிடுவாள்.

"அப்பா, ஜல்லி கொட்டியாச்சு. தார் ஊத்து."

"ஊத்தறேன் மேடம்."

"இப்போ ரோலர்."

நான் உள்ளங்கையைக் கடகடவென்று உருட்டி வாயால் டீசல் எஞ்சின் போல உறுமுவேன். "முழங்கால்கிட்ட பள்ளம் இருக்கு, காண்ட்ராக்டர் ஏமாத்திட்டாரு" என்பாள். அவள் பின்னங்காலில் ஜி.எஸ்.டி. சாலையே மினுமினுக்கும். அதன் மேல் பூனை நடந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த அரை மணி நேரத்தின் ஒரே போக்குவரத்து விதி.

ஆம், பூனை. மோட்டார் அறைக்குள் மழைக்கு ஒதுங்கிய குட்டி, வெள்ளையில் காவித் திட்டு. மகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத மாட்டேன், பூனைக்கும் மானம் உண்டு. பெஞ்சில் தனியாக உட்கார்ந்தவளுக்கு வீட்டில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரே ஜீவன் அது. களிம்பு வாசனைக்கு அது முகம் சுளித்ததே இல்லை. நான்கூடச் சில நாள் சுளித்திருக்கிறேன்.

தெருவுக்கு எங்கள் தோல் பொதுச்சொத்து. ஆளுக்கொரு பண்டத்தைக் கரப்பான் பண்டம் என்று காட்டிக் கொடுத்தார்கள். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். இஸ்திரிக்காரர் கருவாடு என்றார். பள்ளி ஆட்டோக்காரர் வேர்க்கடலை மேல் சத்தியம் செய்தார். மனைவியின் அலுவலகத்தில் ஒருத்தி பால் என்றாள், இன்னொருத்தி கோதுமை என்றாள், மூன்றாமவள் புளிப்பு எல்லாமே என்றாள். என் மனைவி எல்லாவற்றையும் எக்செல் தாளில் ஏற்றினாள். என்ன தின்றாள், எங்கே அரித்தது, எத்தனை மணிக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்று மாதத்தில் தாள் முழுக்க மிளகாய்ப் பழமாய்ச் சிவந்துவிட்டது. தட்டில் மிஞ்சியது இட்லியும் அந்த இட்லியின் நிழலும். தோல் மட்டும் கொஞ்சமும் மனம் மாறவில்லை.

கடைசியாக மீனும் போயிற்று. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து புதனும் சனியும் பஸ் பிடித்து வந்து, அலுமினியக் கூடையை எங்கள் மாடிப்படியில் இறக்குகிற அக்காவிடம் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"மீன் வேணாம்க்கா. பாப்பாவுக்கு ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"நாங்க பொறந்ததுலேர்ந்து மீனுதான் துன்றோம். எங்க தோலு இன்னா கயண்டா பூட்ச்சி?" முழங்கையை நீட்டிக் காட்டினார். நாலைந்து செதில் ஒட்டியிருந்தது, மற்றபடி பளபளவென்று குற்றமில்லாத முழங்கை. "சங்கரா மீனு மேல பழி போடாத சார். பாவம் புடிச்சிக்கும்."

விற்காவிட்டாலும் பூனைக்கு இரண்டு தலையைப் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். மகளும் பூனையும் அவரும் படியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேசுவார்கள். பூனைதான் அதிகம் பேசும்.

பண்டங்கள் தீர்ந்ததும் தெருவின் விரல் பூனை பக்கம் திரும்பியது. "முடிங்க, முடி. வீட்ல முடி பறந்தா தோல் எப்டி ஆறும்?" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. என் மனைவி எக்செல்லில் பூனைக்கு ஒரு புதுப் பத்தி திறந்தாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. மகள் சொறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்வாள், நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒரு குற்றவாளி கிடைத்தால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

அந்த வாரம்தான் தாம்பரம் மேற்கிலிருந்த தோல் டாக்டரம்மா ரத்தம் பார்க்கச் சொன்னார். ஒவ்வாமை வந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு சத்து இருக்கிறதாம், ஐஜிஇ என்று பெயராம். "அப்பாவுக்கும் இருக்கா? சரி, ரெண்டு பேருக்கும் எடுத்துடுங்க" என்று ஒரே சீட்டில் எழுதினார். வீட்டில் வைத்து மனைவி தீர்ப்பை முன்கூட்டியே அறிவித்தாள். "இவளுக்கு நம்பர் ஜாஸ்தி வந்தா பூனை போயிடணும். கம்மியா வந்தா இருக்கட்டும். ஓகேவா?"

மகள் பூனையைப் பார்த்தாள். "கம்மின்னா எவ்ளோம்மா?"

"வரட்டும், பாப்போம்."

ரிப்போர்ட் வந்தது. இரண்டு தாள். மகளுக்கு இரண்டு இலக்கம். எனக்கு நான்கு இலக்கம்.

எங்கள் ஊரில் எந்தத் தாளில் எண் இருந்தாலும் அது மார்க்தான். ஹவுஸ் ஓனர் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பாப்பா பார்டர்ல பாஸ். சார்தான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்" என்றார். நான் என் இரண்டு முழங்கையைப் பார்த்தேன். மகளின் உடம்பு முழுவதையும் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். பத்து வருடமாகப் பிழை தேடிய கண் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"இடம் மாறிப் போச்சு" என்றேன்.

"எக்சாக்ட்லி" என்றாள் மனைவி. "ஸ்வாப் ஆயிருக்கு."

எங்கள் இல்வாழ்க்கையில் இருவரும் ஒரே நொடியில் ஒத்துப்போனது அன்று ஒருமுறைதான். அவள் தொழிலிலும் என் தொழிலிலும் ஒரே வேதம்: வெளியே தெரிவது தப்பாக இருந்தால் உள்ளே யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். இத்தனை புண் உள்ளவளுக்கு இவ்வளவு சின்ன எண்ணா? ஒன்றுமில்லாத எனக்கு இவ்வளவு பெரிய எண்ணா? நான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காதிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். இரண்டு சொற்களை இடம் மாற்று என்று அச்சகத்துக்குச் சொல்ல ஒரு பாம்புக்கோடு இருக்கிறது. ஒன்றின் தலைமேல் ஏறி, இடையில் இறங்கி, மற்றதன் காலடியில் போய்ப் படுக்கும். அந்தப் பாம்பை என் பெயர் மேல் ஏற்றி, தாள் விட்டுத் தாள் தாண்டவிட்டு, மகளின் பெயருக்கு அடியில் படுக்கவைத்தேன். அழகான பாம்பு. ஓரத்தில் என் சுருக்கொப்பமும் போட்டேன்.

ஆக, திருத்திய பிரதியின்படி மகளுக்கு நான்கு இலக்கம். பூனை போக வேண்டும்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், லேபுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பாம்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாறலை சார். உங்க முன்னாடிதானே ட்யூப்ல பேர் ஒட்டினேன்."

"அவசரத்துல மாறியிருக்கலாமில்லையா?"

"எப்டி சார் மாறும்? பாப்பா சிரிச்சுகிட்டே கை நீட்டுச்சு. நீங்க மயக்கம் போட்டு விழுந்தீங்க. உங்க ரெண்டு பேரை யாராலயும் கொழப்பிக்க முடியாது."

மயங்கியது உண்மைதான். ஆனால் மயங்கியவனுக்குத்தானே தெரியாது, மயங்கிய நேரத்தில் என்னென்ன நடந்தது என்று. அந்தச் சந்தேகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

புதன்கிழமை மீன்கார அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே ஏற்பாடு சொன்னார். "நான் எத்துனு பூட்றேன் சார். எங்க குப்பத்துல எலி பேஜாரு தாங்கல. வலைய கட்ச்சி கட்ச்சி வச்சிடுது. இது ராணி மாரி இருக்கும் அங்க. வர்ற சனி இல்ல, அடுத்த சனி மூடி வச்ச கூட எத்தாறேன்."

மகள் அழவில்லை. அதுதான் சங்கடம். தாளை எடுத்து வைத்துக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது என்னப்பா கோடு?"

"இடம் மாத்திப் படிக்கணும்னு அர்த்தம்."

"நீ போட்டா மாறிடுமா?"

"பிரஸ்ல மாறும்."

"உடம்புல?"

நான் பேனாவைக் காதில் செருகினேன்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. முதல் வரி: வீட்டில் இருப்பவர் அப்பா. இரண்டாம் வரி: குப்பத்துக்குப் போவது பூனை. அப்பாவுக்கும் பூனைக்கும் நடுவே சிவப்பில் ஒரு பாம்புக்கோடு, என்னுடையதைவிடச் சுத்தமாக, ஓரத்தில் அவள் சுருக்கொப்பத்தோடு. பால் எடுக்கும்போதும் இட்லி மாவு எடுக்கும்போதும் அதைப் படித்தேன். பிழையே இல்லை.

ரிப்போர்ட்டை டாக்டரம்மாவிடம் காட்டியபோது அவர் எண்ணைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார்.

"யாரு இதைப் பண்ணது?"

"இவர்தான்" என்றார்கள் மனைவியும் மகளும், ஒரே குரலில்.

"சார், நீங்க என் ப்ரிஸ்கிரிப்ஷன்லயும் திருத்துவீங்களா?"

"எழுத்துப் பிழை இருந்தா மட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். சண்டை போடுவதைவிடப் பரிசோதனை சுலபம் என்று முடிவு செய்தவர் போல, "ஊசிக்குத்துப் பரிசோதனை ஒண்ணு இருக்கு. கையில சொட்டு சொட்டா வச்சு லேசா குத்துவோம். எதுக்கு வீங்குதோ அது ரத்தத்துக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். பூனையும் அதுல உண்டு. அடுத்த வெள்ளி வாங்க. ஒரு வாரத்துக்கு அரிப்பு மாத்திரையை ரெண்டு பேரும் நிறுத்திடுங்க, இல்லன்னா ரிசல்ட் தப்பா வரும்" என்றார்.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படி எழுதுவேன். மாத்திரை இல்லாத வீடு ஒரு தாளவாத்தியக் கச்சேரி. அவள் சீப்பால் சொறிந்தாள், நான் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தேன், எருமைகள் தலைமுறை தலைமுறையாய்க் கண்ட சுகம் அது என்று அன்றுதான் புரிந்தது. அவள் ஸ்டீல் ஸ்கேலால் காலில் சரக் சரக், நான் இட்லிக் கரண்டியால் கழுத்தில் வரட் வரட். நடுவில் பூனை, அதுவும் பின்னங்காலால் காதைச் சொறியும், வீட்டின் வழக்கம் இதுதான் போலும் என்று. மனைவி அலுவலகத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்று கேட்பாள். "உள்ள யாராவது மனுஷங்க இருக்கீங்களா?" சிரித்தோம். ஆனால் புதன்கிழமை மாலை, களிம்புக்குப் படுத்த மகளின் முழங்காலுக்குப் பின்னால் சாலையே தெரியவில்லை, தோண்டிப் போட்ட வெறும் பள்ளம். "ரோலர் வேணாம்ப்பா, இன்னிக்கு லீவு" என்றாள். நான் விசிறி எடுத்து விசிறினேன். பூனை வந்து அவள் கன்னத்துக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டது. யாரும் அதை விரட்டவில்லை, மனைவிகூட.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் சிஸ்டர் எங்களைப் பார்த்ததுமே ஏற்பாட்டை மாற்றினார். "சார், நீங்க படுத்துக்குங்க. பாப்பா உக்காந்துக்கட்டும்." லேபிலிருந்து செய்தி இங்கே வரை நடந்து வந்திருக்கிறது. இருவர் முன்கையிலும் பால் பாயின்ட் பேனாவால் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதினார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு, சொட்டுக்கு நடுவில் எறும்பு கடித்தது போல ஒரு குத்து.

"முதல் சொட்டு எல்லாருக்கும் வீங்கும், பயப்படாதீங்க. அது வீங்கினாத்தான் டெஸ்ட் சரி. ஒன்பது சும்மா உப்புத்தண்ணி" என்றார் சிஸ்டர். "நடுவுல இருக்கறதுதான் விஷயம். தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, மகரந்தம், அதெல்லாம்."

"பூனை எது?" என்றாள் மகள்.

"ஏழு."

"இருபது நிமிஷம் சொறியக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் போனார். ஒரு வாரம் மாத்திரை இல்லாத இரண்டு பேரிடம், கையில் ஒன்பது குத்து குத்திவிட்டு, சொறியக் கூடாது என்று. நான் அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னுடையதைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தடுக்கிறோம் என்று தெரியாமல் நாலு கையும் முடிச்சாய்க் கிடந்தன. மின்விசிறி கிரீச் கிரீச் என்று எங்கள் சார்பில் சொறிந்தது. வெளியே தாம்பரம் ரயில் ஒன்று மூச்சுவிட்டுக் கிளம்பியது.

ஐந்தாவது நிமிடம் அவளுக்கு முதல் சொட்டு கொசுக்கடியாய் எழும்பியது. நெஞ்சு திடுக்கிட்டது அவள் விரலில் தெரிந்தது. பிறகு ஏழை மட்டும் பார்த்தாள். கண் சிமிட்டாமல். உதடு மெல்ல அசைந்தது. "வீங்காதே, வீங்காதே" என்று ஏழிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். குனிந்து அதன் மேல் ஊதினாள். பூனைக்குத் தெரியாது, பீர்க்கன்கரணையில் அது வெயிலில் படுத்துக் கால் நக்கிக்கொண்டிருக்கும், இங்கே ஒரு பொட்டுத் தோலில் அதன் குடியிருப்பு முடிவாகிறதென்று. பாம்புக்கோடு போட்ட விரல் என் விரல்தானே. மேசையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், பிறகு நானும் ஏழைப் பார்த்தேன். கடவுளே, என் திருத்தம் தப்பாக இருக்கட்டும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் வேண்டாத வேண்டுதல்.

"அப்பா" என்றாள் மகள். "உன் கையைப் பாரு."

பார்த்தேன். ஒன்று எழும்பியிருந்தது, சரி. இரண்டு எழும்பியிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் மேடு. கரப்பான்பூச்சிக்கு ஒரு குன்று, தூசிப்பூச்சிக்கு ஒரு பல்லாவரம் மலை. ஏழு இருந்த இடத்தில் ஒரு முழு மெதுவடை, நடுவில் ஓட்டை மட்டும்தான் இல்லை. அவள் கையில் முதல் சொட்டைத் தவிர எல்லாம் ஏரித் தண்ணீர் போலத் தட்டையாகக் கிடந்தது.

சிஸ்டர் கண்ணாடி ஸ்கேலோடு வந்து அவள் கையை அரை நிமிடத்தில் முடித்தார். என் கைக்கு ஸ்கேல் போதவில்லை. "டாக்டர், கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிட்டார்.

டாக்டரம்மா வந்து என் கையை நிலப்படம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மகளுக்குத்தான் சொன்னார், எங்களுக்கு இல்லை. "குட்டி, உங்கப்பா ரத்தம் ரொம்பச் சத்தம் போடற ரத்தம். எதைப் பாத்தாலும் திட்டும். ஆனா அவர் தோல் அமைதியா இருக்கு. உன் ரத்தம் யாரையும் திட்டல. உன் தோலுக்குத்தான் பூச்சு போதல, சிமென்ட் பூசாத சுவர் மாதிரி. உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடுது."

"அப்போ லேப்ல மாறல?" என்றாள் மனைவி.

"மாறல. அந்த நம்பர் மார்க் இல்லம்மா. சிலருக்கு நம்பர் ஏற ஏறத் தோலும் மோசமாகும். சிலருக்கு நம்பர் கூரையில இருக்கும், தோல் சும்மா இருக்கும். சிலருக்கு நம்பரே இல்லாம தோல் எரியும். குழந்தைங்களுக்கு ஒரு மாதிரி, பெரியவங்களுக்கு ஒரு மாதிரி, அதுலயும் ஆளுக்கு ஆள் வேற. நம்பரை வச்சு யாரையும் வீட்டை விட்டு அனுப்ப முடியாது." என் பக்கம் திரும்பினார். "சார், பூனை வந்ததுலேர்ந்து உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

யோசித்தேன். "காலைல பதினஞ்சு தும்மல் வரும். புரூஃப் தாள் மை வாசனைன்னு நினைச்சேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மகளுக்குக் குளித்த ஈரத்தோடு இரண்டு வேளை தடவ ஒரு பெரிய டப்பாக் களிம்பு எழுதினார், தார் இல்லாதது. அரிப்பு அதிகமாகிற நாளுக்கு இன்னொன்று. மீனும் கத்தரிக்காயும் வேர்க்கடலையும் திரும்பி வரலாம், ஆனால் ஒவ்வொன்றாக. பூனை இருக்கலாம், ஆனால் யார் படுக்கையிலும் ஏறக் கூடாது, முக்கியமாகச் சார் படுக்கையில். சார் வேண்டுமானால் மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அந்த ரிப்போர்ட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். புரிந்தது. எங்கள் தொழிலில் இன்னொரு குறியும் உண்டு. திருத்தியது தப்பு, முதலில் இருந்தபடியே விட்டுவிடு என்று சொல்ல, சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பது. அதிகம் பயன்படுத்தியதில்லை, வெட்கம். அன்று என் பெயருக்குக் கீழும் அவள் பெயருக்குக் கீழும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கறதுக்கும் புள்ளி வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். அது சரியாத்தான் இருக்கு."

சனிக்கிழமை காலை அக்கா வந்தார். தலையில் மீன் கூடை, இடுப்பில் மூடி போட்ட பிரம்புக் கூடை, அதற்குள் மெத்தையாகப் பழைய வலைத் துண்டுகூட மடித்து வைத்திருந்தார். மகள் பூனையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். மனைவிக்கு அன்று விடுமுறை, வாசலில் நின்றாள். நான் கைபிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன், கையில் இன்னும் மெதுவடையின் தடம்.

"இன்னா கண்ணு, ரெடியா?" என்றார் அக்கா.

"பூனை வரலக்கா. இதால எனக்கு ஒண்ணும் இல்லையாம், டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பாவுக்குத்தான் இது ஆகலையாம். நீங்க வேணும்னா அப்பாவை எடுத்துக்குங்க."

அக்கா கூடையைப் படியில் இறக்கினார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார், செவுள் சிவப்பா என்று தூக்கிப் பார்க்காத குறை.

"எலி புடிப்பாரா?"

"மாட்டாரு. கரப்பான்பூச்சிக்கே கை வீங்கிடுச்சு."

"வலை பின்னத் தெரியுமா?"

"தெரியாது. தப்பு இருந்தா கண்டுபுடிப்பாரு."

"அதுவும் தப்பாத்தான் கண்டுபுடிப்பாரு" என்றாள் மனைவி வாசலிலிருந்து. பிறகு படியிறங்கி வந்து, மீனை நிறுத்திய பிறகு முதல்முறையாக, கூடையிலிருந்து இரண்டு சங்கரா எடுத்தாள்.

அக்கா பூனைக்கு ஒரு தலையைப் போட்டார். வலைத் துண்டை உதறி மறுபடி மடித்துப் பிரம்புக் கூடைக்குள் வைத்தார். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, அலுமினியக் கூடையை நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டோம். கேட் வரை நடந்தவர் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னை இன்னொரு முறை பார்த்தார்.

"இங்கியே கெடக்கட்டும் கண்ணு" என்றார் மகளிடம். "பூனைக்கும் தொணைக்கு ஒரு ஆளு வோணும்ல."